தெற்கு பார்த்த கண்ணாடி

சூரமங்கலம்,
21-08-2022

அன்புள்ள அக்கா சென்னியம்மாள் அவர்களுக்கு,

வெங்கடாசலம் மகன் குணசீலன் ஆகிய நான், என் ஐம்பதாவது வயதில், தெளிந்த நினைவுடன் இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே. வேலங்காட்டுப்புதூர் ஊராட்சி மன்றத் தலைவரும் தங்கள் கணவருமான வெள்ளியங்கிரி மச்சான் எனக்குச் செய்ததை நான் அவருக்குத் திருப்பிச் செய்யப் போகிறேன். முன்னறிவிப்பின்றி எவர்மீதும் நடவடிக்கை எடுத்தல் முறையன்று என்பதால் இதை முதலில் தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

இங்கு நானும் கலைமணியும் நலம். தங்கள் முழங்கால் வலி, மச்சானின் சர்க்கரை, தங்கள் மகள் யுவஸ்ரீயின் நலம் ஆகியவற்றை அறிய ஆவல்.

சுதந்திர தினத்தன்று நடந்ததைத் தாங்கள் பெண்கள் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்தீர்கள். இருப்பினும் எழுத்தில் இருக்கட்டும். குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றச் சூரிய மின்பலகைகள் நிறுவுவது பற்றிக் கிராம சபையில் பேச்சு நடந்தது. பலகைகள் தெற்கு நோக்கி நிற்க வேண்டும் என்று அனுமதிக்கப்பட்ட வரைபடம் சொல்கிறது. கோயில் கமிட்டிச் சின்னராஜ் எழுந்து, "தெக்கால சுடுகாடுங்க. சுடுகாட்டப் பாத்து ஊருக்குச் சொந்தமான கண்ணாடிய நிறுத்துனா வெளங்குமுங்களா? கெழக்கால கோயிலப் பாத்து வெச்சுப்போடலாம்" என்றார். கூட்டம் தலையாட்டியது. நான் எழுந்தேன். இரயில் நிலையக் கூரைகளில் இதே பலகைகளை நிறுவுவது என் அன்றாட உத்தியோகம். "தலைவர் அவர்களே" என்று தொடங்கியதற்கு மேல் ஒரு சொல்லும் நான் பேசவில்லை.

மச்சான் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்: "மாப்ள, வாக்காளர் பட்டியல்ல பேரில்லாதவிங்க கிராம சபையில பேச ரூல் இல்லீங்க. உக்காருங்க."

கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்தேன். விதி அதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்காரனை ஊர் நடுவே உட்கார வைத்த மனிதர், பத்து நிமிடம் முன்பு பட்டியலில் பெயரில்லாத தம் லாரி நண்பரை மாலை போட்டு வரவேற்றார். என்மீது மட்டுமே விதி பாய்ந்தது. அக்கா, என்னை வரச் சொல்லி அழைத்தது தாங்கள்தான் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இனி அந்த மின்பலகைகளைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். கைப்பேசியிலும் பேசுவதாயில்லை. எதுவாயினும் எழுத்தில்.

தங்கள் உடல்நலம் பேணவும்.

தம்பி,
வெ. குணசீலன்

•

வேலங்காட்டுப்புதூர்,
04-09-2022

தம்பி குணசீலனுக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சௌக்கியம். கலைமணியும் நீயும் சௌக்கியமாக இருக்க கரியகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

புதுச்சத்திரத்துக்கும் சேலத்துக்கும் நிமிடத்துக்கு ஒரு பஸ் போகிறது. நீ கடுதாசி எழுதுகிறாய். தபால் கொண்டு வந்த பெண், "ஏனுங்க அம்மா, ஊட்ல எதாச்சும் கேசுங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேசு இல்லை, என் தம்பி எழுதினது என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உன் மச்சானிடம் கடுதாசியைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "உன்ற தம்பி எனக்கு நோட்டீசு குடுத்து, கீழ என்ற சர்க்கரைய வேற விசாரிச்சிருக்கறான் பாரு" என்றார். கோபமில்லை. பெருமையாகத்தான் சொன்னார் போலிருந்தது.

பலகைகள் வந்து இறங்கிவிட்டன. கிழக்குப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள். கோபுரத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்று சின்னராஜ் நின்று, பலகையை நன்றாக நிமிர்த்தி வைக்கச் சொல்கிறார். காலையில் வெயில் பட்டால் ஊரே மின்னுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சரியா தப்பா என்று எனக்கெப்படித் தெரியும்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
சென்னியம்மாள்

•

சூரமங்கலம்,
12-09-2022

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம், தங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. யுவஸ்ரீயைப் பற்றிக் கேட்டிருந்தேன்; விடை இல்லை. குமாரபாளையத்தில் நலமாக இருக்கிறாள் என நம்புகிறேன்.

"சரியா தப்பா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் அன்று எழுந்தேன். சொல்ல உரிமையில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

நான் அறிந்ததில் ஒன்று மட்டும் சொல்வேன், அதுவும் தொழில்நுட்பம் பற்றியதன்று. அந்தப் பலகைகளைக் குறித்து நான் இனி எதுவும் செய்யத் தேவையில்லை. காத்திருந்தால் போதும். வேலையைச் சூரியன் செய்யும்.

கலைமணி இதைப் படித்துவிட்டு, "இத்தன வருசமா உங்களுக்குச் சாமி கும்புடத் தெரியலையேன்னு இருந்தேன், இப்ப சூரியனையே கூட்டாளியாச் சேத்துக்கிட்டீங்க" என்கிறாள். அவளுடைய விசாரிப்புகளையும் இத்துடன் அனுப்புகிறேன்.

தம்பி,
வெ. குணசீலன்

•

வேலங்காட்டுப்புதூர்,
06-11-2022

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கு சௌக்கியம். தீபாவளிக்கு நீ வரவில்லை. முறுக்கு கொடுத்தனுப்ப ஆள் கிடைக்காமல் நாங்களே தின்றோம்.

காந்தி ஜெயந்தியன்று மோட்டாரை ஓட விட்டார்கள். பந்தல், மேளம், எல்லோருக்கும் கேசரி. சுவிட்சைப் போட்டதும் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. உன் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பழைய கரண்ட் மோட்டாரைக் கழற்றி வடக்குப் போர்வெல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது. மேலத்தெரு, கோயில் தெரு, நம் தெரு எல்லாம் பிடித்த பிறகு தொட்டி காலி. மத்தியானம் மறுபடி ஏற்றி, சாயங்காலம் கடைசித் தெருவுக்கு விட வேண்டும். அங்கேதான் கோளாறு. உச்சிப் பொழுது தாண்டி வெயில் மேற்கே சாய்ந்தால் மோட்டார் முக்குகிறது, முனகுகிறது, நின்றுவிடுகிறது. எழுநூறடிப் போர். கோளாறு மோட்டாரிலா, ஒயரிலா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கடைசித் தெருவில் சின்னாயி தெரியுமல்லவா, நம் தோட்டத்துக்குக் களை வெட்ட வருவாளே, அவள்தான். விடியும் முன்னே வேலைக்குப் போனால் பொழுது சாய வருகிறாள். வந்து குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. நேற்று வீட்டு வாசலில் நின்று உன் மச்சானைக் கேட்டாள்: "ஏனுங்க தலைவரே, காத்துக்கு வரி கட்டணுமுங்களா?" அவர் உள்ளே வந்து, சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

நவம்பர் முதல் தேதிக் கிராம சபையிலும் இதே பேச்சு. நீ ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அக்கா,
சென்னியம்மாள்

•

சூரமங்கலம்,
20-11-2022

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் அனைவரின் நலமும் யுவஸ்ரீயின் நலமும் அறிய அவா.

தங்கள் கடிதத்தை நிறைவுடன் படித்தேன். மறைத்துப் பேச எனக்கு வராது. மோட்டார் எந்தப் பொழுதில் நிற்கும் என்று ஆகஸ்டிலேயே நான் கணித்திருந்தேன். அது நிற்கும் பொழுது என் கணக்குடன் பிழையின்றிப் பொருந்துகிறது.

என் நடவடிக்கையின் நிலவரத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். மாவட்ட ஆட்சியருக்கு முறையீடு ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். அனுமதிக்கப்பட்ட வரைபடத்திலிருந்து விலகி அரசுத் திட்டம் ஒன்றைப் பயனற்றதாக்கிய தலைவரைப் பதவி நீக்கச் சட்டத்தில் இடமுண்டு. உணர்ச்சிச் சொல் ஒன்றும் அதில் இல்லை. "சுடுகாடு" என்ற சொல்கூட இல்லை. "சமய நம்பிக்கை சார்ந்த காரணங்கள்" என்றே எழுதியுள்ளேன். ஆனால் இப்போது அனுப்பினால் ஐப்பசி மழைத் தண்ணீர் கிணறுகளில் நிற்கிறது; விசாரிக்க வருகிறவருக்குத் தாகம் தெரியாது. சித்திரை முடிந்ததும் அனுப்புவேன். நிலம் வெடித்து, குடங்கள் வரிசையில் நிற்கும் நாளில் அதிகாரி வந்து இறங்கட்டும். மச்சான் எழுந்து விளக்கம் சொல்ல முற்படட்டும். அப்போது அந்த அதிகாரி அவரை உட்காரச் சொல்லட்டும்.

சின்னாயிக்கு நேர்வது வருத்தத்துக்குரியது. அதற்கான பொறுப்பு யாருடையது என்பதை முறையீட்டின் மூன்றாம் பத்தியில் தெளிவாக்கியுள்ளேன்.

மச்சானின் சர்க்கரை அளவைத் தவறாமல் பார்க்கச் சொல்லவும்.

தம்பி,
வெ. குணசீலன்

•

வேலங்காட்டுப்புதூர்,
30-01-2023

தம்பி குணசீலனுக்கு,

உன் கடுதாசிக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதுதான் இத்தனை தாமதம். பொங்கல் போனது, மாட்டுப் பொங்கல் போனது, குடியரசு தினமும் போனது. இங்கு சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

மூன்றாம் பத்தியில் சின்னாயியை வைத்திருக்கிறாயாம். அவள் இப்போது பொழுது சாய வந்து, இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் கிணற்றுக்கு வருகிறாள். வரப்பில் கால் வழுக்கிக் கை வீங்கிவிட்டது. கட்டோடுதான் களை வெட்டுகிறாள். "உங்க தம்பி ரயில்ல பெரிய இஞ்சினீருன்னு சொல்லுவீங்களே, அவிங்களக் கேட்டாத் தெரியாதுங்களா?" என்று என்னைக் கேட்டாள். தெரியும், சொல்ல மாட்டான் என்று நான் எப்படிச் சொல்வது? லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

உன் மச்சான் மெலிந்துவிட்டார். ஒயர்க்காரன், மோட்டார்க்காரன் என்று யார் யாரையோ கூட்டி வருகிறார். எல்லோரும் மோட்டாரைத்தான் பார்க்கிறார்கள். பலகையைத் திருப்பலாமா என்று யாரோ கேட்டதற்குச் சின்னராஜ் சண்டைக்கு வந்துவிட்டார்.

அவரை விட்டுவிடு. ஊரையும் விட்டுவிடு. எனக்காக ஒரே ஒரு வரி எழுது. யார் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்கா

•

சூரமங்கலம்,
05-02-2023

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். யுவஸ்ரீயின் நலமும்.

வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் சேரவில்லை. சேராத வரையில் வேலங்காட்டுப்புதூர் ஊராட்சியின் பொதுத் திட்டம் எதைப் பற்றியும் கருத்துக் கூற எனக்கு விதியில் இடமில்லை. பெயரை மறைத்துக் கருத்துக் கூறுவது அதனினும் இழிவு.

சின்னாயியின் கைக்கு எலும்பு மருத்துவரிடம் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லவும்.

தம்பி,
வெ. குணசீலன்

•

வேலங்காட்டுப்புதூர்,
02-04-2023

அன்புத் தம்பி குணசீலனுக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சௌக்கியம். நீயும் கலைமணியும் சௌக்கியம்தானே? வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மோர் குடி.

ஊர் விசயம் எதுவும் எழுதப் போவதில்லை. நீ சொன்னது சரி. சொந்த விசயம் ஒன்று. நம் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு சோலார் பலகை போடச் சொன்னேன். மத்தியானம் கரண்ட் போனால் உன் மச்சானுக்குத் தூக்கமில்லை, ஒரு பேன் ஓடினால் போதும். ராசிபுரத்திலிருந்து ஒரு பையன் வந்து மாட்டினான். அவன் பாட்டுக்குக் கிழக்குப் பார்த்து ஸ்டாண்டு அடித்து, பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டான். மத்தியானத்துக்கு மேல் பேன் சுற்ற மாட்டேன் என்கிறது.

எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும்? முழுக்கக் கழற்றாமல் திருப்ப வழி உண்டா? எனக்குப் புரிகிற மாதிரி, வரிசையாக எழுது. என்னிடம் திசை காட்டுகிற கருவி எல்லாம் கிடையாது. சின்ன வயதில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாயே, அந்த மாதிரி எழுது.

அக்கா,
சென்னியம்மாள்

•

சூரமங்கலம்,
09-04-2023

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. தனி நபரின் வீட்டு மாடி கிராம சபையின் வரம்புக்குள் வராது; ஆகவே விடையளிக்க எனக்குத் தடையில்லை.

ராசிபுரத்துப் பையன் செய்திருப்பது மூடத்தனம். கிழக்கு நோக்கி நிமிர்த்திய பலகைக்குக் காலை வெயில் நேராக விழும். பொழுது திரும்பியதும் அது வெயிலுக்குத் தன் முதுகைக் காட்டும். பலகை தெற்கு நோக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் காலையும் மாலையும் அதற்குச் சமம். சாய்வு மிகக் குறைவாக இருக்கட்டும்: பலகையின் நீளம் ஐந்தடி என்றால், வடபுற விளிம்பு தென்புற விளிம்பைவிட ஓரடி உயரம். அவ்வளவே.

தெற்கைக் கண்டறிய கோயில் கோபுரத்தை நம்ப வேண்டாம். சித்திரையில் உச்சிப் பொழுதில் நிழலே விழாது என்பதால் உச்சி நிழலும் உதவாது. சமதரையில் ஒரு கடப்பாரையைச் செங்குத்தாக நடுங்கள். அதன் அடியில் கயிறு கட்டி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் கடப்பாரையின் நிழல் நுனி அந்த வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கல். மாலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு வெளியேறும் இடத்தில் ஒரு கல். இரு கற்களையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே போடும் கோடு தெற்கைக் காட்டும். இது பிழைக்கவே பிழைக்காது.

கால்களை அசைக்கத் தேவையில்லை. மேல் சட்டத்தை மட்டும் தளர்த்தித் திருப்பி, வெல்டரைக் கொண்டு புதிய துண்டு வைத்துப் பற்ற வைக்கலாம். விடியற்காலையில் செய்யுங்கள், சூடேறிய கண்ணாடியைத் தொடக்கூடாது. இணைப்பு ஒயரை முதலில் பிடுங்கிவிடவும்.

கணக்குச் சொல்லிக் கொடுத்த நாட்களை நினைவூட்டினீர்கள். அப்போதும் தாங்கள் தெரியாததுபோல் கேட்பீர்கள். பரீட்சையில் என்னைவிட அதிகம் வாங்குவீர்கள்.

மே பதினைந்தாம் தேதி முறையீட்டை அனுப்புகிறேன். அது தனி. யுவஸ்ரீயின் நலம் அறிய ஆவல்.

தம்பி,
வெ. குணசீலன்

•

வேலங்காட்டுப்புதூர்,
07-05-2023

தம்பி குணசீலனுக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு சௌக்கியம். இந்த முறை உண்மையிலேயே சௌக்கியம்.

நம் வீட்டு மாடியில் சோலாரும் இல்லை, ராசிபுரத்துப் பையனும் இல்லை. மாடியில் மிளகாய் காய்கிறது.

மே தினக் கிராம சபையில் நான் எழுந்து நின்றேன். கையில் உன் கடுதாசி. "ஏய், உக்காரு" என்றார் உன் மச்சான் மெதுவாக. ஒலிபெருக்கி பக்கத்திலேயே நின்று சொன்னேன்: "தலைவருங்க, என்ற பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்குதுங்க. ரூல் இருந்தா உக்கார வையுங்க பாக்கலாம்." ராசிபுரத்துப் பையன் மூடன் என்பது முதல் பிழைக்கவே பிழைக்காது என்பது வரை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மே பதினைந்தாம் தேதியையும் படித்தேன்.

சின்னராஜ் எழுந்தார். "எல்லாஞ் செரிங்க. செத்தவிங்களுக்கு நேரா கண்ணாடி வெக்கறது நல்லாவா இருக்குது?" பின்னாலிருந்து சின்னாயி எழுந்தாள், கையில் இன்னும் கட்டோடு. "செத்தவிங்க அவிங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் போகட்டுமுங்க சாமி. எங்களுக்கு மூஞ்சி கழுவத் தண்ணி வேணும்." முதலில் சிரித்தது கடைசித் தெரு. அப்புறம் எல்லோரும். சின்னராஜும் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது.

மூன்றாம் தேதி கடப்பாரை நட்டோம். சின்னாயி கயிற்றைப் பிடித்தாள். ஊராட்சித் தலைவர் குடையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிழலைக் காவல் காத்தார். பலகைகளைத் தெற்கே திருப்பிப் பற்ற வைத்தாயிற்று; நேற்று முதல் மோட்டார் பொழுது சாயும் வரை ஓடுகிறது. கடைசித் தெருவில் தண்ணீர் வருகிறது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். அதற்கு முன் இதையும் படித்துவிடு.

நீ ஒவ்வொரு கடுதாசியிலும் யுவஸ்ரீயை விசாரிக்கிறாய். நான் பதில் எழுதவில்லை. ஏன் என்று நீ கேட்கவும் இல்லை. சென்ற தைக்கு முந்தின தையில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் பெயரை நம் பெரியப்பா மகன் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். அச்சாபீஸ்காரன் தப்பு. நீ பத்திரிகையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினாய். முறைப்படி இல்லாத அழைப்பை ஏற்க இயலாது என்று எழுதியிருந்தாய். மாமன் நெற்றிப் பட்டம் கட்டுகிற நேரம், என் பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். மண்டப வாசலில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும், "மாமா வந்துட்டாருங்களாம்மா?" என்றாள். கடைசியில் பட்டம் கட்டியது பெரியப்பா மகன். அன்று முதல் அவள் உன் பெயரை எடுப்பதில்லை.

ஆகஸ்டில் உன்னைக் கூட்டத்துக்கு வரச் சொன்னது நான். நீ எழுந்தால் ரூலைச் சொல்லி உட்கார வையுங்கள் என்று உன் மச்சானிடம் சொன்னதும் நான். அவர் மாட்டேன் என்றார். நான்தான் விடவில்லை. ஊர் நடுவே, நாலு பேர் பார்க்க, தம்பி உட்கார வேண்டும்; என் பெண் உட்கார்ந்திருந்த மாதிரி. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. சபையில் வாயை அடைத்தால் என்னிடமாவது சொல்லுவாய் என்று நினைத்தேன். தண்ணீர் விசயத்தில் ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கவில்லை. அங்கேதான் கணக்குத் தப்பிவிட்டது.

இனி நீ முறையீடு அனுப்பு, அனுப்பாமல் இரு. உன் மச்சான் அதே கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்: பொறியாளர் குணசீலன் அவர்கள் நேரில் வந்து பலகைகளைப் பார்வையிட்டு ஆலோசனை கூற இச்சபை அழைக்கிறது. "மாப்ள ரூல் இருந்தாத்தான் வருவாரு, ரூலே போட்டுருவோம்" என்றார். ஊர் கை தூக்கியது. நான் தூக்கவில்லை.

ஊருக்கு வா. ஆனால் யுவஸ்ரீ வீட்டுப் படியேறாமல் என் வீட்டுப் படியேறாதே.

அக்கா,
சென்னியம்மாள்

•

சூரமங்கலம்,
28-05-2023

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

இங்கு நானும் கலைமணியும் நலம். தங்கள் முழங்கால், மச்சானின் சர்க்கரை, சின்னாயியின் கை ஆகியவற்றின் நலம் அறிய ஆவல். யுவஸ்ரீயின் நலத்தை இனித் தங்களிடம் விசாரிப்பதாயில்லை.

தங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் உணவு கொள்ளவில்லை. என் சொல்லை என் இசைவின்றிச் சபையில் படித்தது முறையன்று. பொய்யான மாடி ஒன்றைக் காட்டி விடை பெற்றதும் முறையன்று. ஒன்பது மாதம் நான் கூர்தீட்டிய ஆயுதத்தை என் கையாலேயே தங்களிடம் கொடுக்க வைத்துவிட்டீர்கள். கலைமணி விழுந்து விழுந்து சிரித்தாள். "தண்டனை குடுக்கறதுல உங்க அக்காதான் மூத்தவிங்க" என்றாள்.

பத்திரிகையில் பெயர் அமைந்த வரிசை பிழையானது. அந்தக் கருத்திலிருந்து நான் இன்றும் மாறவில்லை.

ஆனால் வேறொரு பிழையைக் குறிப்பிட வேண்டும். நான் எழுதிக் கொடுத்தது மாடியில் இருக்கும் ஒற்றைப் பலகைக்கு. தாங்கள் திருப்பியிருப்பது வெட்டவெளியில் நிற்கும் முழு வரிசையை. பழைய கால்கள் கிழக்கு நோக்கிய சுமைக்காக நடப்பட்டவை. குறுக்குச் சட்டம் கொடுக்காமல் விட்டால் ஆடிக் காற்றில் வரிசை முழுவதும் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுடுகாட்டிலேயே விழும். சின்னராஜ் சொன்னது பலித்ததாக ஊர் சொல்லும். அதை நான் அனுமதிக்க முடியாது.

ஆகவே என் முடிவுகளைக் கீழ்க்கண்டவாறு தெரிவிக்கிறேன்.

கிராம சபையின் அழைப்பை ஏற்கிறேன். ஆனி பிறப்பதற்குள் வெல்டருடனும் இரும்புச் சட்டங்களுடனும் என் பொறுப்பில் வருவேன். வேலை முடியும்வரை மச்சான் என் அருகில் குடையுடன் நிற்க வேண்டும், ஒலிபெருக்கி இன்றி. முறையீட்டை நான் கிழிக்கவில்லை. தலைவரின் பதவிக்காலம் முடியும் நாள்வரை அது என் அலமாரியில் கையொப்பத்துடன் இருக்கும். அதற்குள் என்றேனும் ஒரு சாயங்காலம் கடைசித் தெருக் குழாயில் காற்று வந்ததாகச் சின்னாயி எனக்கு ஒரு தபால் அட்டை போட்டால் போதும், மறுநாள் அது ஆட்சியர் மேசையில் இருக்கும். அட்டைகளை முகவரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்துவிடவும். இது மன்னிப்பு அன்று என்பதை மச்சானுக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லவும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் குமாரபாளையம் போகிறேன். யுவஸ்ரீக்குத் தகவல் கொடுக்க வேண்டாம். பட்டம் கட்ட வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்பதை அறிவேன். ஆயினும் அன்று செய்து வைத்திருந்த பட்டம் என் பெட்டியில் இருக்கிறது, அதைக் கொண்டுபோவேன். கதவைச் சாத்த அவளுக்கு முழு உரிமை உண்டு. சாத்தினால் வாசலில் நிற்பேன். தறிச் சத்தத்தில் நான் நிற்பது யாருக்கும் கேட்காது. கேட்க வேண்டியதும் இல்லை. நாற்காலி போட்டாலும் அமர மாட்டேன். "உக்காருங்க மாமா" என்று அவள் தன் வாயால் சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பேன்.

தம்பி,
வெ. குணசீலன்